முப்பது தட்டும் ஒரே அடுப்பும்: முதல் தடவை வீட்டில் கிறிஸ்துமஸ் வைப்பவர்களுக்கு

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த வருஷம், 2022 நவம்பரில், அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன். "இந்தத் தடவ நீ பாத்துக்கிடுவேல்ல?" என்று கேட்டார்கள். தலையாட்டிவிட்டேன். மதுரையில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்பது பேக்கரி கேக்கும் ஆராதனை முடிந்து வந்து பிரியாணியும்தான். இங்கே முப்பது வீட்டுக்குப் பலகாரத் தட்டு, நடுராத்திரியில் வீடு வீடாகப் பாடி வரும் நாற்பது பேர் கேரல் கோஷ்டி, ஷார்ஜாவுக்கும் மெல்பர்னுக்கும் பார்சல், 25 மதியம் இருபது பேருக்குச் சாப்பாடு. அந்த 23-ம் தேதி ராத்திரி இரண்டு மணிக்கு அச்சு முறுக்கு அச்சில் ஒட்டிய மாவைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பாதித் தட்டு ஜனவரி 2-ம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. ஷார்ஜா பார்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது.

மூன்று கிறிஸ்துமஸ் தாண்டியாகிவிட்டது. எனக்கு அப்போது யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். சமையல் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். எதை எந்தத் தேதியில் செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

1. முதலில் தட்டை எண்ணுங்கள் (நவம்பர் முதல் வாரம்)

முதல் வருஷம் நான் மாவிலிருந்து தொடங்கினேன். "தட்டு எத்தனன்னு தெரியாம மாவு பெசஞ்சா எப்படி பிள்ள?" என்றார்கள் அத்தை, கட்டிலில் படுத்தபடியே. ஒரு நோட்டை எடுத்து வீடு வீடாகப் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் குறிக்கவேண்டும்.

முட்டை சாப்பிடுவார்களா? அச்சு முறுக்கில் முட்டை இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. கொடுப்பவர்தான் சொல்லவேண்டும்.

மாலை போட்டிருக்கிறார்களா? டிசம்பர் ஐயப்ப சீசன். முட்டை சேர்ந்த பலகாரத்தை அந்த வீட்டில் கொண்டு நீட்டினால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடு. அவர்களுக்கு முட்டையில்லாத அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் (சிறுபயறு, கருப்பட்டி உருண்டை) பழமும் தனித் தட்டு. அதைச் சுடுவதற்குப் புது எண்ணெய்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இருக்கிறார்களா? அந்த வீட்டுக்குக் காரமுறுக்கைக் கூட்டி, கேக்கைக் குறையுங்கள்.

பிறகு ஒரு தட்டில் என்னென்ன என்று முடிவு செய்யுங்கள். என் கணக்கு: அச்சு முறுக்கு 6, கல்கலா (மைதாவில் சுருட்டிப் பொரிக்கும் இனிப்பு) 100 கிராம், முந்திரிக்கொத்து 4, கேக் இரண்டு துண்டு. இதை முப்பதால் பெருக்கி, வீட்டுக்கும் திடீர் விருந்தாளிக்கும் கொஞ்சம் சேர்த்தால் சுமார் 220 அச்சு முறுக்கு, 4 கிலோ கல்கலா, 4 கிலோ கேக். இந்த எண்கள் கையில் இருந்தால் மளிகைச் சீட்டு தானாக வந்துவிடும்.

2. நவம்பருக்குள் வாங்கி வைக்கவேண்டியவை

ஓலைப்பெட்டி: பலகாரம் வைத்துக் கொடுக்கப் பிளாஸ்டிக் டப்பாவைவிட இது எனக்குப் பிடிக்கும். திருச்செந்தூர் பக்கம் மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் அருமையாகப் பின்னுவார்கள். டிசம்பரில் போய் முப்பது பெட்டி கேட்டால் கிடைக்காது. நவம்பர் பத்துக்குள் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். வந்ததும் ஒரு நாள் வெயில் காட்டி, துணியால் துடைத்து, செய்தித்தாள் சுற்றி உயரத்தில் வையுங்கள். பலகாரம் வைக்குமுன் உள்ளே வெண்ணெய்த் தாள் விரிக்கவேண்டும். ஓலை எண்ணெயைக் குடித்துக் கறுத்துப்போகும்.

அச்சு: புது அச்சு என்றால் பழக்குவதற்கே மூன்று நாள் வேண்டும். இரண்டு நாள் வடிகஞ்சியில் ஊறவைத்து, கழுவி, ஒரு ராத்திரி எண்ணெயில் போட்டு வைக்கவும். முதல் பத்து முறுக்கு எப்படியும் பிய்ந்துதான் வரும்.

கேஸ் சிலிண்டர்: டிசம்பர் முதல் வாரமே பதிவு செய்யுங்கள். 20-ம் தேதிக்கு மேல் ஊரே பதிவு செய்யும்.

உலர்பழம், முந்திரி, ஏலக்காய் இவையும் நவம்பரிலேயே. முட்டையும் தேங்காயும் மட்டும் அந்தந்த நாளில்.

3. கேக்: பழத்தை ஊறவைப்பதில்தான் தேதி இருக்கிறது

ரம்மில் ஊறவைப்பவர்கள் திருவருகைக் காலம் தொடங்குமுன், அதாவது நவம்பர் கடைசிக்குள், பாட்டிலில் போட்டுவிடவேண்டும். நாலு வாரம் ஊறினால் நல்லது. எங்கள் வீட்டில் ரம் கிடையாது, திராட்சைச் சாறுதான். அதற்கு இரண்டு மூன்று நாள் போதும், ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். முதல் வருஷம் "நாலு வாரம்" என்பதைப் படித்துவிட்டு சாற்றில் ஊறிய பழத்தை வெளியே வைத்தேன். ஐந்தாம் நாள் மூடி தானாகத் திறந்துகொண்டது.

ஒரு கேக்குக்கு மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை தலா 250 கிராம், முட்டை 5, ஊறிய பழம் 500 கிராம், 100 கிராம் சர்க்கரையைக் கருக்கிய பாகு. சர்க்கரை கருஞ்சிவப்பாக வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீரை ஓரமாக, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முகத்துக்குத் தெறிக்கும். பழத்தை இரண்டு கரண்டி மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது. 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். ஈர்க்குச்சி குத்திப் பார்த்து எடுக்கவும். இப்படி மூன்று தடவை சுட்டால் என் கணக்குக்குச் சரியாக இருக்கும்.

வீட்டில் ஓவன் இல்லையென்றால் கலவையைப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கலாம். ஆனால் 18-ம் தேதிக்குள். அதன்பின் அவர்களுக்கே இடமிருக்காது. முதலிலேயே போய்க் கேட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருடைய டின் என்று பேசிக்கொள்ளுங்கள். உங்கள் டின் என்றால் பெயர் எழுதி ஒட்டுங்கள். எனக்கு ஒருமுறை வேறு யாருடைய கேக்கோ வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

4. வெளிநாட்டுப் பார்சல் (டிசம்பர் 5-க்குள்)

எல்லாவற்றிலும் நான் அதிகம் அடிபட்டது இதில்தான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

காகிதம்: அனுப்புபவரின் ஆதார் நகல் கேட்பார்கள். பார்சலில் "அனுப்புநர்" என்று எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரின் ஆதார் வேண்டும். நான் பாசத்தில் அத்தை பெயரை எழுதிவிட்டு என் ஆதாரைக் கொடுத்தேன். கூரியர் கவுண்டரில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் போய் நின்று, பத்து நாள் கழித்துத் திரும்பியது. பெறுபவரின் முழு முகவரி, அந்த ஊர்க் கைபேசி எண், அஞ்சல் குறியீடு ஆகியவையும் வேண்டும். உள்ளே இருப்பதன் பட்டியலும் மதிப்பும் எழுதவேண்டும். "பலகாரம்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் போதாது. பொருள், எண்ணிக்கை, எடை, ரூபாய் என்று வரிவரியாக எழுதி, "வீட்டில் செய்தது, பரிசு, விற்பனைக்கு அல்ல" என்று குறிப்பிடுங்கள். மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

எடைக் கணக்கு: தராசு காட்டும் எடைக்கு மட்டும் காசு வாங்கமாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணும் தராசு எடையும், இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். என் பெட்டி 45, 35, 30. வகுத்தால் 9.45. உள்ளே இருந்ததோ 6 கிலோ. மூன்றரைக் கிலோ காற்றுக்குப் பணம் கட்டினேன். அச்சு முறுக்கு இடத்தை அடைக்கும், எடை இருக்காது, உடைந்தும் போகும். பார்சலுக்குக் கல்கலாவும் முந்திரிக்கொத்தும் கேக்கும்தான் தோது.

போகக்கூடாதவை: கசகசா. அத்தை அதிரசத்தில் கசகசா தூவுவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் கணக்கில் வந்துவிடும், விளையாட்டில்லை. ரம் ஊறிய கேக்கும் அப்படியே. ஷார்ஜாவில் மதுவுக்கே இடமில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் அடைத்து அனுப்பவே கூடாது. ஓலைப்பெட்டியும் வேண்டாம், டின்னில் போடுங்கள். அங்கே எதையும் மறைக்காமல் எழுதுவதுதான் பாதுகாப்பு. பிரிட்டனுக்கு என்றால் பரிசின் மதிப்பு 39 பவுண்டைத் தாண்டினால் பெறுபவர் வரி கட்டவேண்டியிருக்கும். பெட்டியில் எழுதும் மதிப்பைச் சரியாக எழுதி, அதற்குள் அடக்குங்கள்.

தேதி: டிசம்பர் 5. அதற்கு மேல் எந்த வாக்குறுதியையும் நம்பவேண்டாம். 2023-ல் உள்ளூர்ப் பார்சல்தானே என்று 16-ம் தேதி வரை தள்ளிப்போட்டேன். 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளம். ரயில் இல்லை, ரோடு இல்லை, எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்டும் இல்லை. அந்த வருஷத்திலிருந்து எல்லாத் தேதிக்கும் முன்னால் இரண்டு நாள் மழைக்கென்று விடுகிறேன்.

5. நட்சத்திரம், மரம், குடில்

நட்சத்திரம் டிசம்பர் 1-ல் வாசலில் ஏறிவிடவேண்டும். கடையில் வாங்கலாம், வீட்டில் செய்வதும் அரை நாள் வேலைதான். ஒரே நீளத்தில் பத்து மூங்கில் சீவல், மூன்றடி என்றால் அளவாக இருக்கும். ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குங்கள். நடுவில் சீவல்கள் குறுக்கே சந்திக்கும் ஐந்து இடத்திலும் ஆறு அங்குலக் குச்சியைச் செருகினால் வயிறு புடைத்துக்கொள்ளும். காகிதத்தை ஒட்டுமுன் பல்ப் ஹோல்டரைக் கட்டுங்கள், நான் பிறகு கட்டப்போய்க் கிழித்தேன். எல்.இ.டி. பல்ப் மட்டும், 7 வாட் தாராளம். பழைய குண்டு பல்ப் காகிதத்தைக் கருக்கிவிடும். வாசலில் மழைச்சாரல் படுமென்றால் காகிதத்துக்குப் பதில் வண்ணப் பிளாஸ்டிக் தாள்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை, ஈர மணல் நிரப்பிய வாளியில். 18-ம் தேதிக்கு முன் வைத்தால் 25-க்குள் பாதி கொட்டிவிடும்.

குடில் வைப்பவர்கள் கேழ்வரகைத் தட்டில் மண் பரப்பி 14-ம் தேதி விதையுங்கள். 24-ம் தேதி புல்வெளி இரண்டு மூன்று அங்குலம் நிற்கும். மாடிவீட்டு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) அக்கா சொல்லித் தந்தது. இன்னும் முன்னால் விதைத்தால் நீண்டு சாய்ந்துவிடுமாம்.

6. பலகாரம் (16 முதல் 21 வரை; வெளிநாட்டுப் பார்சலுக்கானது மட்டும் டிசம்பர் 5-க்கு முன்பே)

முதலில் கல்கலா, அது நாள்பட இருக்கும். கடைசியில் அச்சு முறுக்கு, அதுதான் சீக்கிரம் நமத்துப்போகும்.

கல்கலாவுக்கு ஆள் வேண்டும். அரைக் கிலோ மைதாவுக்கு 150 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் நெய், கெட்டித் தேங்காய்ப்பாலில் பிசையவேண்டும். நெல்லிக்காயில் பாதி அளவு உருண்டையை முள்கரண்டி முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டுவது. இரண்டரைக் கிலோ மைதாவைச் சுருட்ட நாலு பேருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். தனியாகச் செய்ய நினைக்காதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைனிமாரைக் கூப்பிட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்குச் சீப்பைக் கொடுங்கள். கோணல்மாணலாக வரும், பரவாயில்லை. தெருக்கதை பாதி அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

முந்திரிக்கொத்தை முதல் வருஷம் நானே முயன்றேன். வறுத்த சிறுபயற்று மாவையும் தேங்காய்த் துருவலையும் கருப்பட்டிப் பாகில் கலந்து, சூடு ஆறுமுன் உருட்டவேண்டும். கை சுடுகிறதே என்று ஆறவிட்டேன். உதிர்ந்து புட்டாகிவிட்டது. இப்போது நாகர்கோவில் சித்திக்குச் சாமான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

அச்சு முறுக்கு: பச்சரிசி மாவு 500 கிராம், மைதா 100, பொடித்த சர்க்கரை 200, ஒரு முட்டை, ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப்பால், கறுப்பு எள், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. தோசை மாவைவிடச் சற்று இளகலாக, அரை மணி நேரம் வையுங்கள். எழுபது எண்பது வரும். முட்டையில்லாமல் என்றால் மைதாவை 150 ஆக்குங்கள்.

முறுக்கு சரியாக வராததற்குக் காரணம் மூன்றே. அச்சு காயவில்லை என்றால் மாவு அச்சிலேயே தங்கும். அதிகம் காய்ந்தால் மாவுக்குள் விட்டதும் சுரீர் என்று சத்தம் வந்து மாவு பிடிக்கவே பிடிக்காது. மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது: அச்சை முழுதாக முக்கிவிட்டேன். முக்கால்வாசிதான் முக்கவேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் எப்படி உதறினாலும் கழலாது. ஒவ்வொரு தடவையும் மாவைக் கலக்கிவிட்டு முக்குங்கள், அரிசி மாவு அடியில் தங்கும்.

சுட்டதை முழுதாக ஆறவிட்டு டின்னில் அடுக்குங்கள். இளஞ்சூட்டில் மூடினால் மறுநாள் ரப்பர்.

இதைச் செய்து காட்டியதும் "எங்களுக்கும் ஒரு கிலோ போட்டுத் தாங்களேன், காசு தருகிறோம்" என்பார்கள். பரிசாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் பதிவு வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்குப் புகைப்படமும் அடையாள அட்டையும் போதும். நான் பார்த்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். டிசம்பரில் போடாமல் அக்டோபரிலேயே போட்டு வையுங்கள்.

இன்னொன்று, திராட்சை ஒயின். வீட்டில் புளிக்கவைப்பதைச் சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விருந்துக்குத் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, கிராம்பு பட்டை போட்டுக் குளிரவைத்துக் கொடுங்கள், போதும்.

7. கேரல் ராத்திரி

சபையில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று பட்டியல் போடுவார்கள். வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். "பத்து மணிக்கு" என்று போட்டிருந்தால் ஒன்றரைக்கு வருவார்கள். நான் முதல் வருஷம் நாற்பது பேருக்கு இட்லி அவித்து வைத்தேன். அவர்கள் அதற்குள் பன்னிரண்டு வீட்டில் சாப்பிட்டிருந்தார்கள்.

பாடிப்பாடித் தொண்டை வறண்டு வருபவர்களுக்கு வேண்டியது சுடச்சுடக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. ஐந்து லிட்டர் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டுத் தூங்கலாம். கூட ஆளுக்கொரு வடையோ கேக் துண்டோ. காணிக்கைக் கவரை மாலையிலேயே வாசல் அலமாரியில் வையுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தைப் பார்த்து அலறும் குழந்தை இருந்தால் முன்னமே ஒருவரிடம் ஒப்படையுங்கள். பக்கத்து வீட்டில் முதல்நாளே சொல்லிவிடுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் எங்கள் கோஷ்டி கிட்டாரும் டிரம்மும் மட்டும்தான், அதுவும் மெதுவாக.

8. 22 முதல் 25 வரை

22: கறிக்கடையில் சொல்லி, முன்பணம் கொடுத்து, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். நேரே போய் நின்றால் 25 காலை உங்களுக்குக் கழுத்துக்கறிதான் மிஞ்சும்.

23: தட்டு அடுக்குவது. முட்டையில்லாத பெட்டிக்குப் பச்சை நூல், மற்றதற்குச் சிவப்பு. கேக்கைத் தனியாகத் தாளில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் அதன் ஈரம் முறுக்குக்கு ஏறும்.

24: மாலை நாலு முதல் ஏழு வரை கொடுத்து முடியுங்கள். தூரத்து வீட்டில் தொடங்கித் தெருவுக்குத் திரும்புங்கள். பக்கத்து வீட்டில் தொடங்கினால் உட்காரச் சொல்வார்கள், அங்கேயே ஏழு மணி ஆகிவிடும்.

25: விடிகாலை ஆராதனைக்குக் கிளம்புமுன் வெங்காயம் நறுக்கி, அரிசி அளந்து, மசாலா அரைத்து முடிந்திருக்கவேண்டும். ஆராதனை முடிந்து எல்லோரிடமும் கைகுலுக்கி வீடு வர எட்டாகும். பன்னிரண்டரைக்கு இலை போடலாம்.

9. எவ்வளவு ஆயிற்று

2024-ல் என் நோட்டில் இருப்பது: மாவும் சர்க்கரையும் 700, தேங்காய் 450, முட்டை 280, எண்ணெய் 750, உலர்பழமும் முந்திரியும் 1,400, வெண்ணெய் 600, சித்திக்குப் பயறும் கருப்பட்டியும் 600, ஓலைப்பெட்டி 1,800, தாள், நூல் வகையறா 250. ஆக 6,830 ரூபாய். தட்டுக்கு 228 விழுகிறது, வீட்டில் தின்றதும் இதற்குள்தான். கேஸும் வெளிநாட்டுப் பார்சலும் 25 சாப்பாடும் தனி. குறைக்கவேண்டுமென்றால் பெட்டியில் குறையுங்கள், முந்திரியில் வேண்டாம்.

26-ம் தேதி மறக்காமல் ஒரு வேலை. அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். வெந்நீரில் அலசி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி, நோட்டோடு சேர்த்து ஒரே டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த நவம்பரில் இரண்டையும் தேடவேண்டியிருக்காது.